எதிர்மனுதாரர் பாடுகிறார்

உங்களுக்கு எத்தனாவது டோக்கன் அண்ணாச்சி? நாற்பத்தஞ்சா? எனக்கு நாற்பத்துநாலு. அப்ப நாம பக்கத்துப் பக்கம்தான். இப்படி வேப்பமரத்து நிழலுக்கு வந்துடுங்க. இப்பத்தான் இருபத்தொண்ணு உள்ள போயிருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை மனு கொடுக்க வந்தா மத்தியானம் ஆகாம திரும்ப முடியாது. எனக்கு இது அஞ்சாவது திங்கட்கிழமை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மனு, அதனால சொல்லுதேன்.

உங்க மனு என்ன? பட்டாவுல பேர் மாத்தணுமா. அது ஆகும். கையில பத்திரம் இருக்குல்லா, ஆகும். என் மனுவைப் பார்த்தா எந்தத் துறைக்கு அனுப்பறதுன்னே உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது. நான் புகார் கொடுக்க வந்திருக்கிறது ஒரு சத்தத்தைப் பத்தி.

சிரிக்காதீங்க. உர்ர்ருன்னு ஒரு சத்தம். மடியில படுத்திருக்கிற பூனையைத் தடவினா உள்ளுக்குள்ள ஒண்ணு ஓடும்லா, அந்த மாதிரி, ஆனா அதைவிடக் கீழே. சாதாரணக் காதுக்குக் கேக்காது. மைக்குக்குக் கேக்கும். பங்குனி ஏழாம் தேதியிலிருந்து அந்தச் சத்தம் என் பிழைப்பைத் தின்னுக்கிட்டிருக்கு. அதுக்குக் காரணமானவங்களை நான் சும்மா விடப் போறதில்லை.

என் பேர் கோமதிநாயகம். பாறைக்குளத்துல வந்து நாயகம் ரெக்கார்டிங்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. பெரிய ஸ்டுடியோ எல்லாம் இல்லை, வீட்டுப் பின்னறைதான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு, ரெண்டு ஸ்பீக்கர். சுவர் பூரா கருப்பு ஃபோம் ஒட்டியிருக்கேன். சுத்துப்பட்டுல எந்த ஊர்ல கோயில் கொடை, திருவிழான்னாலும் அம்மன் பாட்டு, சுடலை பாட்டு எல்லாம் நான்தான் போட்டுக் கொடுக்கிறது. கொடை அன்னைக்குக் குழாய் ஸ்பீக்கர்ல விடிய விடிய ஓடும். நான் மெட்டுப் போட்டு, நான் வாசிச்சு, நானே மிக்ஸிங் பண்ணுவேன். பாடுறது மட்டும் வேற ஆளு.

முன்னாடி பாடினது எதிர்மனுதாரர்.

எதிர்மனுதாரர்னா எங்க அண்ணன். ஆவுடையப்பன். மனுவுல அப்படித்தான் எழுதணும்னு வாசல்ல மேசை போட்டு உட்கார்ந்திருக்காரே, மனு எழுதுற ஐயா, அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அண்ணன்னு சொன்னா கோபம் நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. எதிர்மனுதாரர்னு சொன்னா நிக்குது. அதனால வீட்டுலயும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன். என் பொண்டாட்டி முதல்ல சிரிச்சா. இப்ப சிரிக்கிறதில்லை.

எங்க அப்பா கட்டின வீட்டை நடுவுல சுவர் எடுத்து ரெண்டாக்கி, ஒரு பாதியில நான், மறுபாதியில எதிர்மனுதாரர். பின்னால ஒரு முடுக்கு போகும், ஆள் ஒருக்களிச்சுத்தான் நடக்கணும். அந்த முடுக்கை ஒட்டித்தான் என் ஸ்டுடியோச் சுவர். இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க. இந்த முடுக்குலதான் எல்லாமே இருக்கு.

பாட்டை விட்டது அவனா நானான்னு கேப்பீங்க. அவன்தான். எதிர்மனுதாரரும் அவர் சம்சாரமும் இட்லி மாவு ஆட்டி விக்க ஆரம்பிச்சாங்க. பெரிய கிரைண்டர் ஒண்ணு வாங்கிப் போட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா போன கொடைக்குக் கமிட்டிக்காரங்க நாலு பேர் வந்து என் அறையில உட்கார்ந்திருக்காங்க, பாட்டுப் பதிவைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு. பத்து மணிக்குப் பாட வர வேண்டிய ஆளு பதினொண்ணரைக்கு வாறான். கையெல்லாம் மாவு. உளுந்து பொங்கிட்டு, போட்டுட்டு வர முடியலைங்கிறான். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "மாவாட்டுற கைக்கு மைக் எதுக்குடே?" விளையாட்டுக்குச் சொன்னது. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அன்னைக்குப் பாட்டையும் பாடிக் கொடுத்துட்டுத்தான் போனான். அந்தப் பாட்டு மாதிரி அவன் முன்னேயும் பாடினதில்லை. மறுநாள்லேருந்து வரலை.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரோஷமா? இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். எனக்கு வேற ஆளா கிடைக்காது? அவங்க மாவை என் வீட்டுக்குள்ள விடக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். இப்ப கடை மாவுதான். என் பொண்டாட்டி எங்கேயோ நல்ல கடையாப் பிடிச்சிருக்கா, இட்லி பஞ்சு மாதிரி இருக்கு. பாக்கெட்டைக் காட்டுன்னேன், எந்தக் கடைன்னு தெரிஞ்சுக்கிடலாம்னு. உடனே குப்பையில போட்டுட்டேங்கிறா. எப்பவும் உடனே போட்டுடுவா.

இப்ப முடுக்குக்கு வாறேன். எதிர்மனுதாரரின் மனைவி செண்பகவல்லின்னு பேரு, எனக்கு மதினி முறை. தினமும் காலையில ஒரு குடம் தண்ணி கொண்டாந்து அந்த முடுக்குல, சரியா என் ஸ்டுடியோச் சுவர் ஓரத்துல ஊத்தும். கிரைண்டர் கழுவின தண்ணி வேற. ஊறி ஊறி என் சுவத்துல ஓதம் ஏறிட்டு. ஒரு நாள் ஒரு மேளக்காரர் வாசிச்சுக்கிட்டிருக்கும்போதே ஃபோம் பெயர்ந்து அவர் தலை மேல விழுந்துட்டு. நான் முடுக்குக்குப் போனேன்.

"ஊத்துறதுக்கு ஊர்ல வேற இடமே இல்லையா?"ன்னேன்.

"இல்ல தம்பி, இது மாமா ஊத்தச் சொன்னது. கரண்டுக்கு ஊத்துறது"ன்னுச்சு.

மாமான்னா எங்க அப்பா. அவர் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆச்சு. கேட்டீங்களா, கரண்டுக்குத் தண்ணி ஊத்துறாங்களாம். நான் பொழுதன்னைக்கும் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கிறவன். என் காதுலேயே பூ சுத்துறாங்க. "கரண்டுக்குச் சோறும் போடுங்க"ன்னு சொல்லிட்டு வந்து உட்கார்ந்து மனு எழுதினேன். பொது முடுக்குல கழிவுத் தண்ணி விடுறாங்க, கொசு பெருகுது, குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருது. எந்தக் குழந்தைன்னு கேக்காதீங்க, மனுவுக்கு அப்படி ஒரு வரி வேணும். தை மாசம் பேரூராட்சியிலேருந்து ஆள் வந்து முடுக்கு பூரா அரை அடி கனத்துக்குச் சிமெண்ட் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு சொட்டு உள்ள இறங்காது. மதினி குடத்தோட வந்து நின்னு பார்த்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் குடத்தைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டு. அன்னைக்கு எனக்குச் சோறு நல்லா இறங்குச்சு, பொய் சொல்லக் கூடாது.

ரெண்டு மாசம் ஒண்ணும் இல்லை. சுவர் காய்ஞ்சது. புது ஃபோம் ஒட்டினேன். பங்குனி ஏழாம் தேதி ஒரு பாட்டு எடுத்து, ஹெட்ஃபோனை மாட்டிக் கேக்கேன், பாட்டுக்கு அடியில அது ஓடுது. உர்ர்ர்.

முதல்ல வயர்னு நினைச்சேன். மாத்தினேன். மைக்னு நினைச்சேன். வேற மைக் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஃபேனை அணைச்சேன், டியூப் லைட்டை அணைச்சேன், ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன், என் பொண்டாட்டி தையல் மெஷினைத் தெருவுல கொண்டு வச்சேன். உர்ர்ர். கம்ப்யூட்டர்ல டிரைவர் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஏத்தினேன். அப்பவும் போகலைன்னு மொத்தமா ஃபார்மட் அடிச்சேன். ஏழு பாட்டு அதோட போச்சு, காப்பி எடுத்து வைக்கலை. எல்லாம் முடிச்சு முதல் தடவை ரெக்கார்ட் பட்டனை அமுக்கினா, வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரி, உர்ர்ர்.

இதுல ஒரு விசித்திரம். கம்ப்யூட்டர் டப்பாவுல கை வச்சா சத்தம் பாதியாக் குறையும். கையை எடுத்தா ஏறும். பாவூர்சத்திரத்துலேருந்து ஜெயசிங்னு ஒரு பாடகரை வரவழைச்சிருந்தேன், கச்சேரியில பாடுறவர். அவரை ஒரு கையை டப்பா மேல வச்சுக்கிட்டே பாடச் சொன்னேன். கோர்ட்டுல சத்தியம் பண்ற மாதிரி நின்னுக்கிட்டு முப்பிடாதி அம்மனை அழைக்கிறார் மனுஷன். நடுவுல நிறுத்திட்டு, "அண்ணே, உதட்டுல சுள்ளுங்குது, உங்க மைக் கடிக்குது"ங்கிறார். "புது மைக்கு, அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டுக்கிட்டுப் பாடுங்க"ன்னேன். பாடினார். குரல் என்னவோ ஈரத் துணி பிழிஞ்ச மாதிரி.

இரைச்சலை எடுக்கிறதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். உர்ர்ர் போச்சு. கூடவே பாடுறவர் குரல்ல இருந்த சதையும் போச்சு. கிணத்துக்குள்ள விழுந்தவன் கூப்பிடுற மாதிரி கேக்குது.

சரி, குழாய் ஸ்பீக்கர்ல யாருக்குத் தெரியப் போகுதுன்னு அந்தப் பாட்டை அப்படியே ஒரு ஊர்க் கொடைக்குக் கொடுத்துட்டேன். அங்கேதான் விழுந்தது அடி. என் அறையில பூனையா இருந்தது அங்கே குழாய் வழியா லாரியா வந்துட்டு. சாமியாடி ஆட எழுந்திருக்கார், ஊரே நிக்குது, மைக்செட்டுக்காரன் ஆம்பிளிஃபயர் புகையப் போகுதுன்னு பயந்து பாட்டைப் பாதியில அணைச்சுட்டான். அவ்வளவு கூட்டத்துல நான் நிக்கேன். யாரோ ஒருத்தர் சொல்லுதார், "பழைய குரல் இருந்தப்ப இப்படி ஆகலியே." அந்த ஒரு வார்த்தையோட நான் வீட்டுக்கு வந்தேன்.

அன்னைக்குத்தான் எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சது. ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி பேட்டரியில ஓட்டிப் பார்த்தேன். சுத்தம். பச்சைத் தண்ணி மாதிரி சுத்தம். சார்ஜரைச் செருகினேன், உர்ர்ர். அப்ப சத்தம் வாறது கரண்டு வழியா. கரண்டுல பக்கத்துல என்ன இருக்கு? கிரைண்டர். யார் கிரைண்டர்? எதிர்மனுதாரர் கிரைண்டர். முடுக்குக்குச் சிமெண்ட் போட்டதுக்குப் பழி வாங்குறாங்க. வேணும்னே நான் பதிவு பண்ற நேரம் பார்த்து ஓட்டுறாங்க. கிரைண்டர் ஓடாத நேரமும் சத்தம் வருதேன்னு கேப்பீங்க. வேற என்னத்தையோ ஓட்டுறாங்க.

பேட்டரியிலேயே பாட வச்சா என்னன்னும் பார்த்தேன். பழைய பேட்டரி, பதினெட்டு நிமிஷம் நிக்கும். ஜெயசிங் தொண்டையைச் செருமி முடிக்கிறதுக்குள்ள பதினஞ்சு ஆயிடும்.

நான் ஆதாரம் சேர்க்க ஆரம்பிச்சேன். தினமும் யாரும் பாடாத நேரத்துல மைக்கைத் திறந்து வச்சு, அது சத்தம் பிடிக்கிற அளவை, கெயின்னு சொல்லுவோம், அதை முழுசா ஏத்தி, அந்தச் சத்தத்தை மட்டும் பிடிச்சேன். தேதி, மணி எல்லாம் போட்டு வச்சேன். நாற்பத்தொரு துண்டு. இந்தா, சட்டைப் பையில இருக்கு பென் டிரைவ். மைக் அவ்வளவு ஏறி இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறதெல்லாம் விழும். கிரைண்டர் சுத்துறது, மதினி பாத்திரம் கழுவுறது, எதிர்மனுதாரர் மாவு தள்ளிக்கிட்டே பாடுறது. நான் புதுசாப் போட்ட மெட்டைப் பாடுறான் அண்ணாச்சி. ஜெயசிங்குக்கு நான் சொல்லிக் கொடுக்கிறதைச் சுவர் வழியாக் கேட்டுட்டு, அவர் திணறுற இடத்தை அந்தப் பக்கம் இவன் சும்மா அப்படி வழுக்கிக்கிட்டுப் போறான். நக்கல். வேற என்ன?

ஒரு நாள் அப்படித்தான், மைக் திறந்திருக்கு, ஹெட்ஃபோன் என் காதுல. திடீர்னு மதினி கத்துது. பாத்திரம் உருளுது. அண்ணன் என்னமோ கத்துறான், எதையோ ஓங்கித் தட்டுற சத்தம். அப்புறம் அழுகைச் சத்தம். என் பொண்டாட்டி ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்தா. "கிரைண்டர் ஷாக் அடிச்சிருக்கு. அக்கா கை ஒட்டிக்கிச்சாம். அத்தான் கட்டையால தட்டி விட்டிருக்கார்"ன்னா. நான் ஹெட்ஃபோனைக் கழட்டலை. யாரோ ஒருத்தர் மேல இருந்து பார்த்துக் கூலி கொடுக்கிறார்னு நினைச்சுக்கிட்டேன். இருபத்தேழுன்னு நம்பர் போட்டு அதையும் சேமிச்சு வச்சேன். அப்ப எனக்கு அப்படித்தான் இருந்தது. மறைக்கலை.

அது ஆன மறுநாள்தான் நான் மின்வாரிய ஆபீஸுக்கு மனு போட்டேன். வீட்டு இணைப்புல வியாபாரத்துக்குக் கிரைண்டர் ஓட்டுறாங்க, அதனால பக்கத்து வீட்டுக் கரண்டு கெடுதுன்னு. பிடுங்கிட்டுப் போவாங்க, அவங்க மாவும் போகும், என் உர்ர்ரும் போகும்னு கணக்கு.

ஃபோர்மேன் ஒருத்தர் வந்தார். மரியசெல்வம்னு பேரு. நிதானமான மனுஷன், சத்தமே போடாமப் பேசுவார். நேரா அவங்க வீட்டுக்குப் போகப் பார்த்தவரை நான்தான் மறிச்சு, முதல்ல ஆதாரத்தைக் கேளுங்க சார்னு உள்ள கூட்டிட்டு வந்தேன். உட்கார வச்சுக் காப்பி கொடுத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டாப் போட்டேன். எட்டாவது துண்டுல கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"பின்னால ஒருத்தர் பாடுறாரே. யார் சார் அது?"

"அதுதான் சார் நாய்ஸ்"ன்னேன்.

"இல்லை, அந்த உறுமல் இல்லை. பாட்டு."

"ரெண்டும் ஒரே இடத்துலேருந்துதான் சார் வருது."

"இன்னொரு தடவை போடுங்க"ன்னார். போட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். உர்ர்ரைக் கேக்கத்தான் கண்ணை மூடுறார்னு நினைச்சேன். ஆள் தலையை ஆட்டுறார். காப்பி ஆறிப்போச்சு.

அப்புறம் என்ன தோணிச்சோ, பையிலேருந்து டெஸ்டரை எடுத்துக் கம்ப்யூட்டர் டப்பாவுல வச்சார். எரிஞ்சது. மைக்ல வச்சார். மங்கலா எரிஞ்சது. என் முகத்தைப் பார்த்தார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டா சார் பாடுறாங்க?"

"செருப்பு போட்டுக்கிட்டுத்தான்"ன்னேன்.

"உங்க வீட்டு எர்த் எங்கே போகுது?"

அப்பா காலத்துல போட்டது, ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழி, பின்னால முடுக்குலன்னேன். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். சிமெண்ட் அழகாப் பளபளன்னு கிடக்கு.

"இதுக்கு அடியிலயா?"

"ஆமா. நான்தான் மனு போட்டுப் போட வச்சேன்"ன்னேன்.

மனுஷன் குனிஞ்சு சிமெண்டை விரலால தட்டிப் பார்த்தார். அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னார். "சார், குழியில கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய் இறக்கியிருப்பாங்க. அது ஈரமா இருந்தாத்தான் மிச்சக் கரண்டை மண்ணு வாங்கிக்கிடும். அதுக்குத்தான் தினமும் தண்ணி ஊத்தணும். வெயில் காலத்துல காய்ஞ்சு போச்சுன்னா வாங்காது. மிச்சம் எல்லாம் உங்க டப்பாவுலயும் மைக்லயும்தான் நிக்கும். உங்க சத்தம் அதுதான்." சொல்லிட்டு என்னை அங்கேயே விட்டுட்டு விறுவிறுன்னு அவங்க வீட்டுக்குள்ள போனார். மதினி ஷாக் அடிச்சதைச் சொல்லுது, அதுக்கு அவர் சொல்றதும் சுவர் வழியாக் கேக்குது. "அம்மா, இந்த கிரைண்டரைத் தொடாதீங்க. இன்னையிலேருந்து தொடவே தொடாதீங்க. போன தடவை தப்பிச்சீங்க."

போகும்போது ரெண்டு வீட்டையும் வியாபார இணைப்புன்னு எழுதிட்டுப் போயிட்டார். ஸ்டுடியோவும் வியாபாரம்தானாம். அது கிடக்கட்டும்.

இப்ப சொல்லுங்க, யார் மேல தப்பு? நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அது எர்த் குழின்னு மதினிக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ன செஞ்சுச்சு? நிறுத்திட்டு. ஊத்தாதேன்னு ஒருத்தன் சொன்னா உடனே நிறுத்திடுறதா? வாசல்ல வந்து நாலு கத்துக் கத்தியிருக்கலாம்ல. கரண்டுக்கு ஊத்துறதுன்னு ஒரே ஒரு தடவை மெதுவாச் சொல்லிட்டு விட்டா எனக்கு எப்படி விளங்கும்? பதினாலு வருஷமா என் வீட்டுக்கும் சேர்த்து ஊத்திக்கிட்டிருக்கிற ஆளு, அதை ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்க வேண்டாமா? சொல்லிக் காட்டாம இருந்ததுதான் எல்லாத்துக்கும் காரணம்.

சிமெண்டை உடைக்கலாம்னு பேரூராட்சிக்குப் போனேன். "உங்க மனுவுலதான் போட்டோம். உடைக்கணும்னா மேல உத்தரவு வாங்கிட்டு வாங்க"ன்னுட்டாங்க. வேற குழி தோண்ட என் பக்கம் ஒரு சாண் மண் கிடையாது, பூராக் கட்டிட்டேன். அவங்க பக்கமும் தளம். மண்ணுன்னு இருந்தது அந்த முடுக்குதான். எங்க ஊர் முப்பிடாதி அம்மன் கொடைக்கு இன்னும் பதினஞ்சே நாள். எங்க ஊர்க் கொடைக்கே நான் சுத்தமாப் பாட்டுக் கொடுக்கலைன்னா அப்புறம் எந்த ஊரும் என்னைக் கூப்பிடாது. கமிட்டிக்காரங்க முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க, உறுமுச்சுன்னா வேற ஆள்கிட்ட போயிடுவோம்னு. ஜெயசிங்கும் இனி வர மாட்டாராம். அவர் வீட்டம்மா மைக் கடிச்ச கதையைக் கேட்டுட்டு அழுதுட்டாங்களாம்.

அதுக்குத்தான் இந்த மனு. கேளுங்க, வாசிக்கேன். "மேற்படி முடுக்கில் போடப்பட்டுள்ள சிமெண்ட் தளத்தை ஒரு முழம் நீள அகலத்திற்கு உடைத்து, எதிர்மனுதாரரின் மனைவி திருமதி செண்பகவல்லி அவர்கள் முன்பு போலவே நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டுமென உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." எப்படி இருக்கு? மனு எழுதுற ஐயா ரெண்டாவது பாதியை எழுத மாட்டேன்னுட்டார். நானே எழுதினேன்.

நானே ஒரு குடம் ஊத்தலாம்தான். ஆனா நிறுத்தச் சொன்னது நான். நான் நிறுத்தச் சொன்னதை நானே செஞ்சா தோத்துப்போனதா ஆகாதா? அவங்க ஊத்தணும்னு உத்தரவு வாங்கிட்டா அது எனக்கு ஜெயம். யார் ஊத்தினா என்ன, தண்ணி தண்ணிதானேன்னா கேக்கீங்க? உங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை போல.

ஃபோர்மேன் சொன்னதுலேருந்து ஒரு வாரமா அந்தப் பக்கம் கிரைண்டர் இல்லை. வியாபாரமும் இல்லை. அவ்வளவு அமைதி. பதிவு பண்றவனுக்கு இதைவிட என்ன வேணும். நானும் மைக்கைத் திறந்து வச்சுக்கிட்டுத் தினமும் உட்கார்ந்துதான் பார்க்கேன். உர்ர்ர் மட்டும் இருக்கு. பாட்டு இல்லை. கிரைண்டர் இல்லாம அவனுக்குப் பாட வராது போல.

நீங்க டீ குடிக்கப் போறீங்களா? போயிட்டு வாங்க, உங்க இடத்தைப் பார்த்துக்கிடுதேன். எனக்கு வேண்டாம். ஒரு உதவி மட்டும் செய்ங்க. பைப்படி பக்கத்துல கோடு போட்ட சட்டை போட்டுக்கிட்டு, மஞ்சப் பையோட ஒருத்தர் நிக்கார் பாருங்க, நெட்டையா. திரும்பிப் பார்க்காதீங்க, மெதுவா. ஆமா, எதிர்மனுதாரர்தான். காலையில நான் வந்த பஸ்ல பின் சீட்டுல வந்தான். டோக்கன் ஐம்பத்தெட்டு. என் மேல எதிர் மனு கொண்டாந்திருக்கான். மாவு வியாபாரம் போச்சுன்னு நஷ்டஈடு கேப்பான். டீக் கிளாஸோட அப்படியே பக்கத்துல போய் நின்னு, என்ன எழுதியிருக்கான்னு எட்டிப் பார்த்துட்டு வாங்க. எனக்கும் பதில் தயார் பண்ணணும்லா.

வந்துட்டீங்களா. கேட்டதும் அவனே கையில கொடுத்துட்டானா? எதையும் மறைக்கத் தெரியாது அவனுக்கு, சின்னதுலேருந்தே அப்படித்தான். என்ன எழுதியிருக்கு? சிமெண்டை ஒரு முழம் உடைக்கணும்னா? அதேதான் என்னுதும். சரி, காரணம் என்ன போட்டிருக்கு? கிரைண்டர்னா, ஷாக் அடிச்சதுன்னா?

இல்லையா?

இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி. "என் தம்பியின் பாட்டுப் பதிவு வேலை பாதிக்கப்படுவதால்." அவ்வளவுதானா? கிரைண்டரைப் பத்தி ஒரு வரி கூட இல்லையா? எதிர்மனுதாரர்னு யார் பேர் போட்டிருக்கு? அந்த இடத்துல யார் பேரும் இல்லையா, கோடு மட்டும் இழுத்திருக்கானா.

பார்த்தீங்களா. இதுதான் அவன். பாடும்போதும் இப்படித்தான். நான் கஷ்டப்பட்டு ஏத்தி வச்சிருக்கிற இடத்தை அவன் அலட்டிக்கிடாமத் தாண்டிட்டுப் போயிடுவான், நான் கையில கீபோர்டோட நிப்பேன். மனுவுலயும் அதையே செஞ்சுட்டான். இதை நான் மறக்க மாட்டேன்.

இல்லை, கண்ணுல ஒண்ணும் இல்லை. வேப்பம்பூ விழுது.

இந்தப் பென் டிரைவ்ல நாற்பது துண்டு இருக்கு. நாற்பத்தொண்ணுன்னு சொன்னேனா? இருபத்தேழாவது அழிஞ்சுட்டு. வைரஸ்னு வச்சுக்கிடுங்க. மிச்சம் நாற்பதும் அப்படியே இருக்கு. ஒரு துண்டுல, ஜெயசிங் திணறின அந்த அம்மன் பாட்டை அவன் முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாடியிருக்கான், முப்பத்திரெண்டாவது. நேத்து அதை எடுத்து உர்ர்ரை மட்டும் பிரிக்க முடியுதான்னு பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன். உர்ர்ரை எடுத்தா அவன் குரலும் கூடவே போயிடுது. அதனால உர்ர்ரோடயே வச்சுட்டேன். ஆதாரம்லா.

நாற்பத்துநாலு கூப்பிடுறாங்க. நீங்க போங்க அண்ணாச்சி, பரவாயில்லை, நான் சொல்லிக்கிடுதேன், நாற்பத்தஞ்சு முதல்ல போகட்டும். நான் ஐம்பத்தெட்டு வரைக்கும் இங்கேயே நிக்கேன். சேர்ந்து போகிறதுக்கு இல்லை, தப்பா நினைக்காதீங்க. உள்ள போய் அவன் என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியணும். அதோட அவன் பேசினா மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கேக்காது, பாடும்போது இருக்கிற குரல் பேசும்போது இருக்காது. எப்பவும் நான்தான் பக்கத்துல உட்கார்ந்து அவன் லெவலை ஏத்தி வைக்கிறது.